என் அப்பா விற்ற சீட்டும் உங்கள் கஜானா கணக்கும்

முந்தாநாள் இரவு, லாட்டரியை ஆதரித்து ஒருவர் போட்ட பதிவின் கீழே நடந்ததை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். முழுக் கதையையும் மறுபடி சொல்லப் போவதில்லை. லாட்டரி என்பது யாரையும் வற்புறுத்தாத வரி, கேரளத்தைப் போல் தமிழ்நாடும் மறுபடி தொடங்கினால் கடன் சுமை குறையும் என்று அதில் எழுதியிருந்தார். நான் மூன்று வரியில் மறுத்தேன். அவரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: "உங்கள் அப்பா சீட்டு விற்ற காசில்தானே அம்மா நீங்கள் படித்தீர்கள்?" அதன் கீழே வரிசையாகச் சிரிக்கும் முகங்கள்.

ஆமாம், அந்தக் காசில்தான் படித்தேன். அதை இதே பக்கத்தில் பெருமையாக எழுதியவளும் நான்தான். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்குப் பேச உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் கணக்குக்கு வருகிறேன். 1967-ல் தனியார் லாட்டரிகளுக்குத் தடை போட்டுவிட்டுக் கேரள அரசே லாட்டரித் துறையைத் தொடங்கியது. முதல் குலுக்கல் 1968 ஜனவரி 26 அன்று நடந்தது. டிக்கெட் ஒரு ரூபாய், முதல் பரிசு 50,000. இன்று அங்கே வாரம் முழுக்கக் குலுக்கல். 40 ரூபாயாக இருந்த அன்றாட டிக்கெட் 2025-ல் 50 ஆகிவிட்டது. ஆண்டுக்குச் சுமார் 12,000 கோடி ரூபாய் வருகிறது என்று எல்லோரும் எடுத்து வீசுகிறார்களே, அது விற்பனைத் தொகை. அரசின் கைக்கு மிஞ்சும் தொகை அல்ல. பட்ஜெட்டில் ஒரு பக்கம் முழு விற்பனையும் வரி அல்லாத வருவாய் என்று ஏறுகிறது. பரிசுப் பணம், ஏஜென்ட் கமிஷன், அச்சுக் கூலி, விளம்பரம் எல்லாம் செலவுப் பக்கத்தில் ஏறுகின்றன. நம் ஆட்கள் வரவுப் பக்கத்தை மட்டும் படித்துவிட்டு வந்து பாடம் நடத்துகிறார்கள். பரிசும் கமிஷனும் போனபின் நிற்கும் லாபம் விற்பனையில் சிறு பங்குதான். அதோடு ஜிஎஸ்டி: முன்பு 28 சதவீதம், 2025 செப்டம்பர் முதல் 40. அதிலும் பாதி டெல்லிக்குப் போகிறது.

சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பார்கள். ஏழையின் சட்டைப் பையிலிருந்து நூறு ரூபாய் எடுத்தால்தான் அரசுக்குச் சில பத்து ரூபாயாவது மிஞ்சும் என்றால், அது வருவாய்க்கான வழியா? வேறெந்த வரியையாவது இப்படி வசூலிப்பீர்களா? இதைத்தான் நான் அங்கேயும் கேட்டேன். பதில் வரவில்லை, என் அப்பாதான் வந்தார்.

மிச்சப் பணம் பரிசாக மக்களுக்கே திரும்புகிறதே என்று கேட்பீர்கள். எந்த மக்களுக்கு? கேரளத்தின் 2023 ஓணம் பம்பர் குலுக்கலில் 500 ரூபாய் டிக்கெட் ஏறக்குறைய 75 லட்சம் விற்றது. முதல் பரிசு 25 கோடி, எல்லைக்கு அந்தப் பக்கம் வாளையாரில் சீட்டு வாங்கிய தமிழ்நாட்டுக்காரர்கள் நான்கு பேருக்கு விழுந்தது. அந்த ஒரு செய்தியை இங்கே எத்தனை நாள் பேசினோம் என்று நினைத்துப் பாருங்கள். விழாத லட்சக்கணக்கான சீட்டுகளைப் பற்றி யார் பேசினார்கள்? அந்த 25 கோடியும்கூட முழுதாகக் கைக்கு வருவதில்லை. ஏஜென்ட் கமிஷன் இரண்டரைக் கோடி, மீதியில் 30 சதவீதம் வருமான வரி, அப்புறம் நிற்பது பதினைந்தே முக்கால் கோடி, அதிலும் சர்சார்ஜும் செஸ்ஸும் போகும்.

இப்போது அப்பாவைப் பற்றிச் சொல்கிறேன், அவரை இழுத்தது நீங்கள்தானே. தென்காசி பஸ் நிலையத்தில் மூன்று சக்கரச் சைக்கிளில் உட்கார்ந்து பரிசுச் சீட்டு விற்றார். போலியோவில் வலது கால் சூம்பிப்போனவர். வேறு வேலை யாரும் தரவில்லை. "நாளைக்குக் குலுக்கல், நாளைக்குக் குலுக்கல்" என்ற அவர் குரலைக் கேட்டுத்தான் பள்ளிவிட்டு வரும்போது அவர் எந்தப் பக்கம் இருக்கிறார் என்று கண்டுபிடிப்பேன். சட்டைப் பையில் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பார். யாருக்கு எந்தக் கடைசி எண் ராசி என்று அதில் குறித்திருப்பார். அந்த நோட்டில் இருந்த ஆட்கள் சுமை தூக்குபவர்கள், ஓட்டலில் மேசை துடைப்பவர்கள், பீடி சுற்றும் பெண்கள். பெரிய சம்பளக்காரர் ஒருவர் பெயரும் அதில் இருந்து நான் பார்த்ததில்லை.

எங்கள் தெருவில் ஒரு அக்கா, பீடி சுற்றுபவர். சனிக்கிழமை கூலி வாங்கிய கையோடு ஏழில் முடிகிற சீட்டு இரண்டு வாங்குவார். செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டுப் பின்வாசலில் வந்து அம்மாவிடம் அரைப்படி அரிசி கடன் கேட்பார். அம்மா அளந்து போடுவார். சனிக்கிழமைச் சீட்டும் செவ்வாய்க்கிழமை அரிசியும் ஒரே வீட்டிலிருந்து போயின. எனக்கு அப்போது பத்து வயது இருக்கும். லாட்டரி வருவாய் எங்கிருந்து வருகிறது என்று புரிந்துகொள்ள எனக்கு எந்தப் பொருளாதார நிபுணரும் தேவைப்படவில்லை.

1968-ல் அண்ணா ஆட்சியில் இங்கே பரிசுச் சீட்டு வந்தபோது "விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு" என்றார்கள். நல்ல எண்ணத்தில் சொல்லியிருக்கலாம். ஆனால் நாட்டுக்குப் போனது அந்த அக்காவின் அரிசி.

கேரளத்தின் காருண்யா சிகிச்சை உதவித் திட்டத்தைப் பற்றி இரண்டு பேர் நாகரிகமாகக் கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. கே.எம். மாணி அங்கே நிதியமைச்சராக இருந்தபோது 2011-ல் அறிமுகமானது. காருண்யா சீட்டின் வருவாய் ஏழைகளின் புற்றுநோய், இதய, சிறுநீரக சிகிச்சைக்கு என்று ஒதுக்கப்பட்டது. அதனால் உயிர் பிழைத்தவர்கள் இருக்கிறார்கள், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் எல்லையைத் தாண்டிய கேரள ஊரான ஆரியங்காவில் அந்தச் சீட்டை வாங்குபவர் யார் என்று ஒருநாள் நின்று பாருங்கள். நான் பார்த்திருக்கிறேன். தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் வாங்குகிறார்கள், புளியரை சோதனைச்சாவடியைத் தாண்டி நம் ஊர்க்காரர்களும் போய் வாங்குகிறார்கள். ஏழைக்குச் சிகிச்சை தர ஏழையிடமே சீட்டு விற்க வேண்டுமா? தமிழ்நாட்டில் 2003 ஜனவரியில் லாட்டரி தடை செய்யப்பட்டது. இலவச மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் 2009-ல் வந்தது. லாட்டரி நின்று ஆறு ஆண்டுகள் கழித்து, அந்தப் பணம் இல்லாமலேதான் வந்தது. அரசு மருத்துவமனைகளை மூடிவிட்டோமா?

தடை செய்தும் கள்ளத்தனமாக மூன்று எண் லாட்டரி ஓடுகிறதே, அதற்கு அரசே நடத்தலாமே என்பது அடுத்த கேள்வி. அந்த மூன்று எண் எங்கிருந்து வருகிறது? கேரள அரசின் குலுக்கல் முடிவின் கடைசி மூன்று எண்களை வைத்துத்தான் இங்கே சூதாடுகிறார்கள். 2019 டிசம்பரில் விழுப்புரத்தில் ஒரு குடும்பமே அதில் அழிந்ததை மறந்துவிட்டீர்களா? மூன்று குழந்தைகள். இதற்குமேல் இதை எழுத எனக்கு மனமில்லை.

டாஸ்மாக்கைப் பற்றிக் கேட்காமல் இருப்பீர்களா, கேட்டீர்கள். லாட்டரி நின்ற அதே 2003-ல்தான் மதுச் சில்லறை விற்பனையை அரசு தன் கையில் எடுத்துக்கொண்டது. ஒரு கடையை மூடிவிட்டு அதைவிடப் பெரிய கடையைத் திறந்தார்கள். இன்று அதில் வருவது ஆண்டுக்கு 45 ஆயிரம் கோடிக்கு மேல். இதை நான் எங்கே ஆதரித்தேன்? என் சித்தப்பா அதில்தான் போனார். சாராயத்தில் வரும் பணம் இருக்கிறது, லாட்டரிப் பணத்தையும் சேர்த்துக்கொள்வோம் என்பதுதான் உங்கள் வாதமா? ஏழையின் வீட்டில் எடுக்க இன்னும் என்ன பாக்கி இருக்கிறது என்று தேடுகிறீர்களா? சொத்து உள்ளவரிடம் வரி கேட்க மட்டும் ஏன் இவ்வளவு கூச்சம்?

தடை நல்லது என்று நான் சொல்வதால் அது நடந்த விதமும் நல்லது என்று பொருளில்லை. இங்கேதான் எனக்கு நெஞ்சு கனக்கிறது. கேரளத்தில் லாட்டரி விற்பவர்களுக்கென்று நலநிதி இருக்கிறது. 2003-ல் எங்கள் வீட்டுக்கு எதுவும் வரவில்லை. விற்காத சீட்டை ஏஜென்ட் எப்போதும் திருப்பி எடுக்க மாட்டார், அது விற்பவர் தலையில்தான் விழும். தடை வந்த அன்று அப்பாவின் கையில் எண்ணூற்றுச் சொச்ச ரூபாய்ச் சீட்டு இருந்தது. ரப்பர் பாண்ட் போட்டுக் கட்டி டிரங்குப் பெட்டியில் வைத்தார். ஒரு வாரம் பஸ் நிலையத்துக்குப் போய், விற்க எதுவும் இல்லாமல் அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டு வந்தார். பிறகு கடலை வறுத்துப் பொட்டலம் கட்டி விற்றார். நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தது அந்தக் கடலைக் காசில், இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

சீட்டு விற்றவர் வேறு, சீட்டு அச்சடித்து விற்கச் சொன்ன அரசு வேறு. கால் நடக்காத ஒரு மனிதருக்கு வேறு பிழைப்பைக் காட்டாமல் ஒரு கட்டுச் சீட்டைக் கையில் கொடுத்துவிட்டு, இருபது ஆண்டுகள் கழித்து அவர் மகளைப் பார்த்து உன் சோறு அதுதானே என்று கேட்கிறீர்கள். கேட்டவருக்கு அரசு லாட்டரி வேண்டுமாம். தன் பிள்ளையை அந்தச் சைக்கிளில் உட்காரவைக்க அவர் சம்மதிப்பாரா?

நேற்று மாலை அப்பாவுக்குப் போன் செய்து, உங்களைப் பற்றி எழுதப் போகிறேன் என்றேன். என்ன நடந்தது என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "எழுது தாயி, நடந்ததைத்தானே எழுதுகிறாய். பீடி சுற்றுகிற அந்தப் பிள்ளை பேரை மட்டும் போட்டுவிடாதே, அவளுக்குப் பேரன் பேத்தி எல்லாம் இருக்கிறார்கள்" என்றார்.

பெயரைப் போடவில்லை.