புவியியல் பட்டதாரிகளும் மாங்குளம் சந்தியும்

புவியியலில் பட்டம் முடித்த பிள்ளைக்கு வன்னியில் இரண்டு வழிகள்தான் காட்டப்படுகின்றன. ஒன்று ஆசிரியர் நியமனம், மற்றையது அபிவிருத்தி உத்தியோகத்தர் பதவி. இரண்டும் மதிப்புக்குரிய தொழில்கள் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் போக்குவரத்துத் திட்டமிடல் என்றொரு துறை இருப்பதையும், அதற்கு வேண்டிய அடிப்படையில் பாதியை அந்தப் பிள்ளை ஏற்கெனவே படித்து முடித்துவிட்டதையும் எவரும் எடுத்துச் சொல்வதில்லை. கடந்த வாரம் என் மருமகள், "மாமா, இந்தப் பட்டத்தை வச்சு வேற என்ன செய்யலாம்?" என்று கேட்டாள். அவளுக்குச் சொன்னதை இங்கும் எழுதுகிறேன்.

நான் மல்லாவிப் பக்கத்தவன். பல்கலைக்கழக இறுதியாண்டு ஆய்வுக்காக மாங்குளம் சந்தியில் மூன்று நாள்கள், கையில் ஒரு சீ.ஆர். கொப்பியுடன் நின்று, பேருந்துகள் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும், இறங்குபவர்கள் அடுத்து எங்கே போகிறார்கள் என்பதையும் குறித்தேன். இரண்டாம் நாள் காலையில் ஒட்டுசுட்டான் பக்கமிருந்து ஒரு அம்மா வந்திறங்கினார். கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையில் சுற்றி நெஞ்சோடு அணைத்து வைத்திருந்தார். அவர் ஏறவேண்டிய மேற்குப் பக்கப் பேருந்து பத்து நிமிடம் முன்னதாகவே புறப்பட்டிருந்தது. அடுத்தது வர ஒன்றரை மணி நேரம் ஆகும், அதற்குள் கிளினிக்கில் இலக்கம் கொடுத்து முடிந்துவிடும். "தம்பி, இந்த பஸ் ஒரு பத்து நிமிசம் முந்தி வந்திருந்தா எனக்கு ஒரு நாள் மிஞ்சியிருக்கும்" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே திரும்பும் பேருந்துக்காக எதிர்ப்பக்கம் போய் நின்றார். என் தொழிலை நான் தெரிவு செய்தது அந்த இடத்தில்தான்.

அந்தப் பத்து நிமிடத்துக்கு யார் பொறுப்பு என்று தேடியபோதுதான் துறையின் அமைப்பு எனக்கு விளங்கத் தொடங்கியது. ஏ, பி தர வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபையிடமும், சி, டி தர வீதிகள் மாகாண வீதித் திணைக்களத்திடமும், உள்ளூர் வீதிகள் பிரதேச சபைகளிடமும் இருக்கின்றன. மாகாணங்களுக்கு இடையிலான தனியார் பேருந்துகளுக்கு 1991ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசியப் போக்குவரத்து ஆணைக்குழு அனுமதி வழங்குகிறது. மாகாணத்துக்குள் ஓடுபவற்றுக்கு மாகாண அதிகார சபை வழங்குகிறது. அரச பேருந்துகளை ஓட்டும் இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) தனியானது, புகையிரதத் திணைக்களம் வேறு. ஒவ்வொருவரும் தத்தம் வாகனத்தின் நேரத்தைத்தான் பார்க்கிறார்கள். ஒன்றிலிருந்து இறங்கி மற்றொன்றில் ஏறும் மனிதரின் நேரம் எந்தக் கோப்பிலும் இல்லை.

வன்னியில் இது கொழும்பில் உள்ளதைவிடப் பல மடங்கு பாரதூரமானது. ஏறத்தாழ 2,600 சதுர கிலோமீற்றர் பரப்புள்ள முல்லைத்தீவு மாவட்டத்தில் 2012ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டின்போது ஒரு இலட்சத்துக்கும் குறைவான மக்களே இருந்தார்கள். இவ்வளவு ஐதாக மக்கள் வாழும் இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு ஒரு பேருந்து விடும்படி எவரையும் கேட்க முடியாது, கேட்பதும் நியாயமில்லை. காலி நகரில் ஒரு பேருந்தைத் தவறவிட்டவர் அடுத்ததில் ஏறிவிடுவார், ஒட்டுசுட்டானிலிருந்து வந்தவருக்கு அன்றைய நாளே போய்விடுகிறது. ஆகவே சேவை குறைவான இடத்தில்தான் நேரங்கள் ஒன்றோடொன்று பொருந்துவது மிக முக்கியம். சுவிற்சர்லாந்து 1982இல் நாடு முழுவதற்கும் சீரான இடைவெளியுள்ள புகையிரத நேர அட்டவணையைக் கொண்டுவந்து, பின்னர் முக்கிய நிலையங்களில் புகையிரதங்களும் பேருந்துகளும் ஒரே நேரத்தில் சந்திக்கும்படி அதை வளர்த்தெடுத்தது. அங்கே வாழும் நம் உறவினர் எவரைக் கேட்டாலும், மலைக்கிராமத்துப் பேருந்து புகையிரதத்துக்காக நிற்கும் கதையைச் சொல்வார். மாங்குளம், பரந்தன், புளியங்குளம் ஆகிய சந்திகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வருகிறது. வீதிகள் ஒன்றுகூடும் இடங்கள் ஆயத்தமாகவே இருக்கின்றன, நேரங்கள் மட்டுமே ஒன்றுகூட வேண்டியிருக்கிறது.

இனி, புவியியல் பட்டம் இதற்கு எப்படி உதவுகிறது என்பதற்கு வருகிறேன். வலையமைப்புப் பகுப்பாய்வில் 1963இல் கான்ஸ்கி முன்வைத்த பீற்றா சுட்டியை நாம் எல்லோரும் பரீட்சைக்காகப் பாடமாக்கியிருப்போம்: ஊர்களை முனைகளாகவும் அவற்றைத் தொடுக்கும் வீதிகளை இணைப்புகளாகவும் கொண்டு, இணைப்புகளின் எண்ணிக்கையை முனைகளின் எண்ணிக்கையால் வகுப்பது. சுட்டி கூடக்கூட ஊர்கள் நன்றாகத் தொடுக்கப்பட்டிருக்கின்றன என்று பொருள். வவுனியா, மாங்குளம், கிளிநொச்சி, பரந்தன், முல்லைத்தீவு, பூநகரி, மன்னார் என்ற ஏழு முனைகளை எடுத்து, ஏ தர வீதிகளையும் பரந்தன்–பூநகரி வீதியையும் வரைந்தால் எட்டு இணைப்புகள் வரும், சுட்டி 1.14. தாளில் பார்த்தால் மோசமான வலையமைப்பு என்று சொல்ல முடியாது. அதே வரைபடத்தை, காத்திருக்காமல் மாறக்கூடிய பேருந்துகளை மட்டும் கோடுகளாக்கி, காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் தனித்தனியே வரைந்து பாருங்கள். நான் வரைந்தபோது கோடுகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டு போயின. சமவுயரக் கோடு வரையத் தெரிந்தவருக்கு, ஓரிடத்திலிருந்து ஒரே நேர அளவில் சென்றடையக்கூடிய இடங்களை இணைக்கும் சமநேரக் கோடு வரைவது புதிதல்ல. ஒரு வைத்தியசாலையைச் சுற்றி ஒரு மணி நேர எல்லையை மோட்டார் சைக்கிளுக்கு வரைந்தால் அகன்ற வட்டமாக வருகிறது. பேருந்துக்கு வரைந்தால் தார் வீதியோரமாக நீளும் மெலிந்த விரல்களாகச் சுருங்கிவிடுகிறது. அந்த இரண்டு படங்களுக்கும் இடையில் விடுபட்டிருக்கும் ஊர்களைப் பெயர் சொல்லிக் காட்டுவதுதான் திட்டமிடலாளரின் முதல் வேலை.

பட்டம் தராதவையும் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. புள்ளிவிபரவியல் போதாது, பயண உருவாக்கம், பயணப் பரம்பல், பயண முறைத் தெரிவு, வழித்தட ஒதுக்கீடு என்று மக்களின் பயணங்களைக் கணிக்கும் நான்கு படிநிலை மாதிரியை நான் பட்டத்துக்குப் பின்னர்தான் உட்கார்ந்து கற்றேன். கியூ.ஜி.ஐ.எஸ். கணினியில் வரைபடம் வரைந்து பகுப்பாய்வு செய்ய உதவும் இலவச மென்பொருள், அதைப் பழக ஒரு மடிக்கணினியும் பொறுமையும் போதும். 1919இல் பிரித்தானியாவில் தொடங்கி 1926இல் அரச பட்டயம் பெற்ற பட்டய ஏற்பாட்டியல் மற்றும் போக்குவரத்து நிறுவகம், பொறியியல் பின்னணி இல்லாதவர்களுக்கும் தொழில்சார் தகைமை வழங்குகிறது. திறந்த போட்டிப் பரீட்சை மூலம் பட்டதாரிகளைச் சேர்க்கும் இலங்கைத் திட்டமிடல் சேவை இன்னொரு வாசல். சிங்களத்தையும் ஆங்கிலத்தையும் தள்ளிப்போட வேண்டாம். அறிக்கை ஒரு மொழியிலும் கூட்டம் இன்னொரு மொழியிலும் நடக்கும், நேரக்கணிப்பாளருடன் தமிழில்தான் பேச வேண்டும். முதல் சில ஆண்டுகள் கொழும்பிலோ பத்தரமுல்லையிலோ வேலை செய்ய நேரலாம்.

என் முதல் நேர்முகத்தேர்வில், கலைப்பட்டம் என்று சொன்னதும், "அப்போ நீங்கள் பொறியியலாளர் இல்லையா?" என்று கேட்டுவிட்டு என் வரைபடங்களைத் திறந்துகூடப் பார்க்காமல் கோப்பை மூடினார்கள். அன்று வந்த வேதனை இன்னும் ஆறவில்லை. வீதியின் தடிப்பையும் பாலத்தின் சுமையையும் பொறியியலாளர் கணிக்கிறார், அந்த அறிவுக்கு நான் தலைவணங்குகிறேன். 2011இல் பூநகரியை யாழ்ப்பாணக் குடாநாட்டுடன் இணைக்கும் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கப்பட்டபோது பூநகரிப் பக்கத்து வாழ்க்கையே மாறியதைக் கண்ணால் கண்டவர்கள் நாம். ஆயினும் அந்தப் பாலத்தால் யார் எங்கே போகத் தொடங்குவார்கள், எந்தப் பாடசாலைக்குப் பிள்ளைகள் கூடுவார்கள், எந்தச் சந்தை மங்கும் என்று கேட்பதற்குப் புவியியல் கற்றவரும் அந்த மேசையில் இருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாவட்டச் செயலகத்திலும் திட்டமிடல் பிரிவு இருக்கிறது. வன்னியின் நான்கு மாவட்டங்களிலும் அந்தப் பிரிவில் போக்குவரத்துக்கென ஒருவரை நியமித்து, எல்லாச் சேவைகளின் நேரங்களையும் ஒரே தாளில் எழுதும் அதிகாரத்தை அவருக்குக் கொடுங்கள் என்பதே என் கோரிக்கை. பல்கலைக்கழக ஆசிரியர்களிடம் நான் கேட்பது, ஆண்டுக்கு இரண்டு மாணவர்களையாவது ஆய்வுக்காக ஒரு சந்திக்கு அனுப்புங்கள் என்பதுதான். மருமகள் அடுத்த திங்கட்கிழமை காலை ஐந்தரைக்குப் பரந்தன் சந்தியில் எண்ணத் தொடங்குகிறாள். புதுக்குடியிருப்பு, விசுவமடுப் பக்கத்துப் பேருந்துகளை அவள் பார்த்துக்கொள்வாள். பூநகரிப் பக்கத்துக்கு இன்னும் ஒருவர் வேண்டும்.