சுப்பர் கப் செத்தால்தானே திரும்பி வர?

பழைய ஹொண்டா 50, 70, 90 இருக்கிற அதே சுப்பர் கப் குடும்பத்தில் பழைய தோற்றத்தோடு புதிதாக வந்த சி125இன் படத்தை யாராவது கைபேசியில் நீட்டினால் போதும், எங்கள் ஊர் மோட்டார் சைக்கிள் பைத்தியங்கள் இரண்டாகப் பிரிந்துவிடுவார்கள். ஒரு பக்கம், "மச்சான், அப்பாவின்ர ஹொண்டா நைன்ரி திரும்பி வந்திட்டுதடா" என்று உருகும். மறுபக்கம், "உது ஹொண்டாவே? முழுக்கப் பிளாஸ்ரிக். அந்தச் சத்தம் வருமே, அந்த இரும்பு வருமே?" என்று பல்லைக் கடிக்கும். கொக்குவில் பக்கத்துத் தேத்தண்ணிக் கடை வாங்கில் தொடங்கும் இந்தச் சண்டை கராஜ் வாசல் வரைக்கும் இழுபட்டு, கடைசியில் ஹொண்டாவின் வேறு இரண்டு பழைய வகைகளான சி.டி 125 பெரிதா சி.டி 200 பெரிதா என்ற பழைய வழக்கில் போய் முடியும். அந்த வழக்குக்கு யாழ்ப்பாணத்தில் இன்னும் தீர்ப்பு எழுதப்படவில்லை.

இரண்டு பக்கத்தோடும் எனக்குச் சரிவரவில்லை. இரண்டு பேரும் முகத்தைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். ஒருவருக்கு முகம் பிடித்துவிட்டது, மற்றவருக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

முதலில் இந்தப் பிளாஸ்ரிக் கதையை முடித்துவிடுவோம். 1958 ஓகஸ்ட்டில் வந்த முதலாவது சுப்பர் கப், அதாவது சி100, அதுவும் பிளாஸ்ரிக்தான். கால்மறைப்பு, முன் மட்காட் எல்லாம் பொலித்தீன் வார்ப்பு. பாரம் குறைய வேண்டும், துருப்பிடிக்கக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். "அந்தக் காலத்து இரும்பு" என்று நாங்கள் தட்டிக்காட்டிப் பெருமைப்படுவதில் ஒரு பகுதி அந்தக் காலத்திலேயே பிளாஸ்ரிக். சத்தமும் அப்படித்தான். மற்றவர்கள் இரட்டை வீச்சு (டூ ஸ்ட்ரோக்) இஞ்சினில் புகைவிட்டுக் கத்திக்கொண்டு ஓடிய நேரத்தில் சொய்ச்சிரோ ஹொண்டா நான்கு வீச்சு இஞ்சினை எடுத்ததே சத்தமும் புகையும் குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காக. 49 சிசி, 4.5 குதிரை வலு. சத்தம் போடாமல் இருந்ததுதான் அதன் சிறப்பு. அதற்குப் போய் "சத்தம் இல்லை" என்று குறை சொல்கிறோம்.

அந்த மோட்டார் சைக்கிளின் மூளையில் பாதி ஹொண்டாவுடையது அல்ல, தக்கேயோ பூஜிசாவாவுடையது. கம்பனியின் காசையும் விற்பனையையும் பார்த்த மனிதர். சோபா நூடில்ஸ் கொண்டுபோய்க் கொடுக்கும் கடைப்பையன் ஒரு கையில் தட்டோடு மற்றக் கையால் ஓட்ட வேண்டும் என்பது அவருடைய நிபந்தனை. அதனால்தான் கிளச் லீவர் இல்லை. மையவிலக்குக் கிளச் வந்தது, காலால் கியரைத் தட்டினால் போதும் என்றானது. நடுவில் குனிந்த சட்டம், ஆகவே வேட்டி கட்டியவரும் ஏறலாம், சேலை கட்டியவரும் ஏறலாம். பதினேழு அங்குலச் சில்லு, ஆகவே குண்டும் குழியுமான றோட்டிலும் போகலாம். 1950களின் யப்பான் றோட்டுக்குச் செய்தது எங்கள் ஒழுங்கைகளுக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரிப் பொருந்திப் போனது. தலைமை ஆசிரியர், விதானை, குடும்பநல மாது, அங்கி போட்ட பாதர், மழைக்கு ஒரு கையில் குடை பிடித்துக்கொண்டு ஓட்டும் ஓய்வூதியக்காரர் என்று 50, 70, 90 எல்லார் காலடியிலும் இருந்தது. பிறகு யப்பான் தபால்காரர்கள் ஓடிக் கழித்த சிவப்பு எம்.டி 90 வந்து சேர்ந்தது. அதன் சின்னச் சில்லையும் பெரிய முன்விளக்கையும் பார்த்துச் சிரித்தவர்கள்தான் பிறகு அதில் இரண்டு மூட்டை வெங்காயம் ஏற்றிச் சுன்னாகம் சந்தைக்குப் போனார்கள்.

ஆனால் இந்த ஊருக்கும் அந்த இஞ்சினுக்கும் உள்ள உறவு சந்தைக்குப் போய் வந்ததால் மட்டும் உண்டானது அல்ல. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கியபின் பெற்றோல், பற்றரி, உதிரிப்பாகம் எல்லாம் அரசின் தடைப் பட்டியலில் போயின. அந்த வருடங்களை இங்கே கழித்தவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. பிறகு பிறந்த பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். மண்ணெண்ணெயில் ஓட்டினோம். மண்ணெண்ணெய் குளிர்ந்த இஞ்சினில் ஆவியாகாது. அதனால் ஒரு சின்னப் போத்தலில் ஒளித்து வைத்த பெற்றோலில் கொஞ்சத்தைக் காபரேற்றருக்குள் விட்டு, உதைத்து எழுப்பி, இஞ்சின் சூடேறும் வரைக்கும் பொறுத்திருந்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. இடையில் நின்றுவிட்டால் மறுபடி போத்தல், மறுபடி உதை. எரியாத மண்ணெண்ணெய் பிஸ்ரன் வளையத்தைத் தாண்டிக் கீழே இறங்கி ஒயிலைத் தண்ணீராக்கும். பிளக் கரி பிடிக்கும். ஹெட்டைக் கழற்றிக் கரி சுரண்டுவது வருடத்துக்கு ஒருதரம் செய்யும் வேலையாக இருக்கவில்லை, தோசைக்கல் கழுவுவதுபோல அடிக்கடி வரும். கராஜ்காரர்கள் பாகம் வராத இடத்தில் லேத்தில் கடைந்து போட்டார்கள். கடைய முடியாததை வேறொன்றிலிருந்து எடுத்துப் பொருத்தினார்கள். 1995 ஒக்டோபர் கடைசியில் ஊரோடு வெளிக்கிட்டபோது தென்மராட்சிப் பக்கம் உருட்டிக்கொண்டு போனவற்றிலும் இந்த ஹொண்டாக்கள் இருந்தன.

இதை வீரக்கதையாகச் சொல்லவில்லை. அந்த இஞ்சின் ஏன் அதைத் தாங்கியது என்பதுதான் எனக்கு முக்கியம். அதற்குள் மறைவு ஏதும் இருக்கவில்லை. காற்று வருகிறது, எண்ணெய் வருகிறது, பொறி வருகிறது, மூன்றையும் கண்ணால் பார்க்கலாம். 50, 70இல் பொறி தருவது சுழலும் காந்தம். பற்றரி செத்துக் கிடந்தாலும் உதைத்தால் எழும்பும். நாலைந்து ஸ்பானரும் ஒரு திருப்புளியும் உள்ள பதினைந்து வயதுப் பையன் திண்ணையில் வைத்துக் கழற்றிப் பூட்டலாம். எங்களில் பாதிப் பேர் இஞ்சின் என்றால் என்ன என்று படித்ததே அதில்தான்.

இப்போது சி125ஐப் பாருங்கள். 2017 டோக்கியோ மோட்டார் காட்சியில் மாதிரியாக வைத்தார்கள், 2018இல் விற்பனைக்கு வந்தது. சி100இன் வளைவை அப்படியே எடுத்திருக்கிறார்கள், கைபிடிக் கோடு பறவை இறக்கை விரித்ததுபோல. அழகுதான், நான் மறுக்கவில்லை. 124 சிசி, நான்கு கியர், முன்னுக்கு டிஸ்க் பிரேக், எல்.ஈ.டி விளக்கு, பையில் இருந்தாலே வேலை செய்யும் ஸ்மார்ட் திறப்பு, காபரேற்றருக்குப் பதில் மின்னணு எரிபொருள் செலுத்தல். பழையதில் பிரேக் பிடித்தால் முன்பக்கம் தாழாமல் எழும்புமே, அந்தக் கூத்தும் இல்லை, வழக்கமான ரெலஸ்கோப் ஃபோர்க். நல்லது. இரவில் வல்லை வெளியில் ஆறு வோல்ற் விளக்கோடு எதிர்க்காற்றில் போனவர்கள் எவரும் புது விளக்கைத் திட்ட மாட்டார்கள். பழைய டிரம் பிரேக்கை நினைத்துக் கண்ணீர் விடுகிறவர் மழை நாளில் அதைப் பிடித்துப் பார்த்தவராக இருக்க முடியாது.

ஆனால் வந்தபோது அதற்கு ஒற்றைச் சீற். பின்னால் கரியர் இல்லை. யோசித்துப் பாருங்கள், சுப்பர் கப்பில் கரியர் இல்லை! சாமான் கொண்டுபோகவென்றே பிறந்த வாகனத்தின் நினைவாக ஒன்று செய்கிறார்கள், அதில் ஒரு கட்டுக் கீரை வைக்க இடமில்லை. மனைவியை ஏற்றிக்கொண்டு நல்லூருக்குப் போவதென்றால் அவர் பஸ்ஸில் வர வேண்டும்.

இதைவிட வேடிக்கை விலை. யப்பானில் சி125 ஏறக்குறைய 4 லட்சம் யென்னுக்கு வந்த அந்தக் காலத்திலேயே, பக்கத்தில் சுப்பர் கப் 110 ஏறக்குறைய 2 லட்சத்து 75 ஆயிரம் யென்னுக்கு நின்றது. அதுவும் வட்ட விளக்குத்தான். கரியர் உண்டு. செல்ப் ஸ்ராட்டோடு உதைக்கவும் லீவர் உண்டு. தபாலும் பத்திரிகையும் இன்றைக்கும் அந்த வகையில் போகின்றன. 2017 ஒக்டோபரில் கப் வகைகளின் மொத்த உற்பத்தி 10 கோடியைத் தொட்டது. உலகத்தில் வேறு எந்த மோட்டார் வாகனத் தொடரும் அந்த எண்ணுக்கு வரவில்லை. 50 சிசி மட்டும் யப்பானின் புதிய புகை விதிகளால் 2025 மே மாதத்தோடு நின்றது. மற்றவை ஓடிக்கொண்டேதான் இருக்கின்றன. பிறகு "திரும்பி வந்துவிட்டது" என்றால் எங்கே போயிருந்தது? உயிரோடு வேலைக்குப் போய் வருகிற மனிதருக்குச் சுவரில் படம் மாட்டி மாலை போட்ட மாதிரி ஒரு வேலை இது.

மற்றக் கம்பனிகளும் இதைத்தான் செய்கின்றன, சிலது கூச்சமில்லாமல். ட்ரையம்ப் பொன்வில் 2001இல் திரும்ப வந்தது. சில வருடங்களில் எரிபொருள் செலுத்தலுக்கு மாறியபோது, அந்தப் பாகத்துக்குக் காபரேற்றர் மாதிரி வேடம் போட்டுவிட்டார்கள். பார்க்கிறவர் ஏமாற வேண்டும், வேறு பயன் இல்லை. 2018இல் வந்த ஜாவா, பழைய இரட்டை வீச்சு ஜாவாவின் உருண்டை முகத்தோடு வந்தது. உள்ளே நீரால் குளிர்விக்கும் நான்கு வீச்சு, வெளியே காற்றுக்குக் குளிர்வதுபோலக் காட்டச் செதில்கள். கவாசாகி 1999இல் டபிள்யூ650ஐக் கொண்டுவந்தபோது கொஞ்சம் நேர்மையாக நடந்தது. இஞ்சின் பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும் அந்தக் குழாய்க்குள் உண்மையான தண்டும் பல்லும் சுழன்று வால்வை இயக்கும், அலங்காரம் அல்ல. அதற்கு நான் தொப்பி கழற்றத் தயார். திருவொற்றியூரில் 1950களிலிருந்து புல்லட் செய்த என்ஃபீல்டைப் பற்றி இங்கே ஒரு சொல் தவறினால் சென்னையில் உள்ள மச்சான்மார் சண்டைக்கு வருவார்கள், ஆகவே விட்டுவிடுகிறேன்.

சரி, கம்பனிகளை மட்டும் ஏன் திட்டுவான்? நாங்களும் அதே வேலைதான் செய்கிறோம். 2020 மார்ச்சில் இலங்கைக்கு வாகன இறக்குமதி நின்று 2025 பெப்ரவரியில்தான் தனியாருக்குத் திறந்தது. அந்த இடைவெளியில் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த சி.டி 200 எல்லாம் நகையாகிவிட்டது. குரோம் பூசி, புது ஸ்ரிக்கர் ஒட்டி, வரவேற்பறையில் நிறுத்திவிட்டு, "ஓட்டுறேல்லை அண்ணை, ஞாயிற்றுக்கிழமை ஒருக்கா எழுப்பிப் பாக்கிறனான்" என்கிறார்கள். பழைய நம்பர் பிளேற்றில் சிங்கள ஸ்ரீ எழுத்து இருந்தால் இன்னும் மதிப்பு. அந்த ஸ்ரீக்கு எதிராக 1957இலும் 58இலும் இந்த ஊர் என்ன பாடுபட்டது என்று தெரிந்த பெரியவர்கள் இதைப் பார்த்தால் என்ன சொல்வார்களோ. 2022இல் பெற்றோலுக்கு வரிசையில் நின்றோமே, கியூ.ஆர் அட்டையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றர் தந்தார்களே, அப்போது அந்த 4 லீற்றரை வைத்து வாரம் முழுக்க வேலைக்குப் போய் வந்தவர்கள் சின்ன இஞ்சின்காரர்கள். அந்த நேரம் எவரும் குரோமைப் பற்றிப் பேசவில்லை.

ஆகவே, மீள்வரவு எதையாவது கண்டு ஆத்திரப்படுவதென்றால் ஆத்திரத்தைச் சரியான இடத்தில் படுங்கள் என்பதுதான் நான் சொல்வது. நிறம் பழைய நிறமா, சத்தம் பழைய சத்தமா என்று கேட்காதீர்கள். இதைக் கோண்டாவிலில் ஒரு சின்னக் கராஜ் திறந்து திருத்தலாமா என்று கேளுங்கள். மின்னணு வந்தால் முடியாது என்று சில மூத்த மெக்கானிக்குகள் கையை விரிக்கிறார்கள். அது முழு உண்மை இல்லை. ஹொண்டாவின் செலுத்தல் முறையில் கோளாறு வந்தால் மஞ்சள் விளக்கு எரியும். சேவை இணைப்பியின் இரண்டு முனைகளை ஒரு வயர்த் துண்டால் தொடுத்தால் அந்த விளக்கு கண் சிமிட்டும். நீளச் சிமிட்டல் எத்தனை, குறுகிய சிமிட்டல் எத்தனை என்று எண்ணிக் கையேட்டோடு ஒப்பிட்டால் எந்த உணரி (சென்சர்) போனது என்று தெரியும். கணினி இல்லாமலே பார்க்கலாம். இதை எங்கள் இளம் பையன்கள் தாமாகவே தேடிப் படித்துச் செய்கிறார்கள், எந்த முகவரும் கூப்பிட்டுச் சொல்லித் தரவில்லை.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் வருகிறது. கோளாறைக் கண்டுபிடித்தாயிற்று, பாகம் எங்கே? என் உறவினர் ஒருவருடைய ஸ்கூட்டர், விரல்நுனி அளவு உணரி ஒன்றுக்காக வாரக்கணக்கில் கிடந்தது. எந்த முகவர் என்று சொல்லி என்ன பயன். கொழும்பிலிருந்து வர வேண்டும், அங்கேயும் இல்லை, முழுத் தொகுதியாகத்தான் வாங்க வேண்டும் என்று பதில். உணரிக்குப் பத்து மடங்கு தொகுதியின் விலை. தடையில்லாத காலத்தில், தெற்கிலிருந்து வரும் ஏ9 வீதி திறந்து கிடக்கும்போது இது. இதோடு ஸ்மார்ட் திறப்பையும் சேர்த்துப் பாருங்கள். பழைய ஹொண்டாத் திறப்புத் தொலைந்தால் கஸ்தூரியார் வீதியில் வெட்டிக்கொண்டு வரலாம். ஸ்மார்ட் திறப்புத் தொலைந்தால் எங்கே போவது?

பழமையின் மீது உண்மையான பற்றிருந்தால் கையேட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடச் சொல்லிக் கேட்போம். உதிரிப்பாகத்தைத் தனித்தனியாக விற்கச் சொல்லிக் கேட்போம், எத்தனை வருடத்துக்குக் கையிருப்பு வைப்பீர்கள் என்று கடதாசியில் எழுதித் தரச் சொல்லிக் கேட்போம். ஷோரூமில் வளைந்து நின்று படம் எடுக்கும்போது ஒருவரும் இதைக் கேட்பதில்லை. விற்பவருக்கும் அதுதான் வசதி.

நீ வாங்குவியோ என்று கேட்கப் போகிறீர்கள். சி125 வாங்க மாட்டேன். அந்தக் காசிருந்தால், வரி கட்டி யாராவது அந்த 110ஐ இங்கே இறக்கினால், அதை வாங்குவேன். சாம்பல் நிறமாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தப் பின் கரியர் மட்டும் குறையாமல் வர வேண்டும்.