பணத்தை வாங்கும் முன்பே சொல்லித் தொலையுங்கள்

விலையை ஏற்றுகிறீர்களா, ஏற்றுங்கள். 2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்து ஏற்றின. 239 ரூபாய்க்குப் போட்டுக்கொண்டிருந்த ஜியோ பேக் 299 ஆனது. வயிறு எரிந்தது, திட்டிக்கொண்டே கட்டினோம். ஆனால் அது நாலு பேருக்குத் தெரிந்து நடந்தது. பேப்பரில் வந்தது, டீக்கடையில் பேசினார்கள். என்னால் பொறுக்க முடியாதது வேறு. பணத்தை வாங்கும்போது வாயே திறக்காமல் இருந்துவிட்டு, வாங்கிய பிறகு ‘இது இதற்குச் செல்லாது, அது இத்தனை மணிக்கு மேல் கிடையாது, இதற்குத் தனிக் கட்டணம்’ என்று ஒவ்வொன்றாக எடுத்து நீட்டுகிறார்களே, அந்தக் கள்ளத்தனத்தைத்தான் சொல்கிறேன்.

இந்த 28 நாள் கணக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. வாடகை, பால் கணக்கு, சீட்டுப் பணம், பள்ளி வேன் எல்லாம் மாதத்துக்கு ஒருமுறை போகிறது. ரீசார்ஜ் மட்டும் 28 நாளுக்கு ஒருமுறை. வருஷத்துக்குப் பன்னிரண்டு முறை கட்டுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பதின்மூன்று முறை கட்டுகிறோம். 299 ரூபாய் பேக்குக்கு 3,588 ஆக வேண்டியது 3,887 ஆகிறது. வீட்டில் நாலு போன் இருந்தால் நாலு மடங்கு. 2022 ஜனவரியில், போன் கம்பெனிகளைக் கட்டுப்படுத்தும் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராய் ஓர் உத்தரவு போட்டது: 30 நாள் செல்லுபடியாகும் பேக் ஒன்றாவது வேண்டும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கிற பேக் ஒன்றாவது வேண்டும் என்று. சரி, வந்தது. எங்கே இருக்கிறது? ஆப்பைத் திறந்தால் கண்ணில் அடிப்பதெல்லாம் 28, 56, 84. மாதக் கணக்குப் பேக்கைத் தேடி விரல் தேய வேண்டும்.

இதையாவது காலண்டரைப் பார்த்துப் பிடித்துவிடலாம். தினசரி வரம்பில் மாட்டினால்தான் தெரியும் வலி.

போன மாதம் ஒரு ராத்திரி ஒன்பதரை இருக்கும். பையனுக்குக் காய்ச்சல் நெருப்பாகக் கொதிக்கிறது. மெயின் ரோட்டு மருந்துக்கடையில் நிற்கிறேன். சிரப், ஓஆர்எஸ் பாக்கெட், நெற்றியில் ஒட்டுகிற பட்டை எல்லாம் கவரில் போட்டுக் கொடுத்துவிட்டார் அண்ணன். பணம் கொடுக்க க்யூஆர் அட்டையை ஸ்கேன் செய்கிறேன், வட்டம் சுற்றுகிறது. சுற்றிக்கொண்டே இருக்கிறது. சிக்னல் முழுசாக நிற்கிறது, மேலே 4ஜி என்று காட்டுகிறது, பேங்க் கணக்கில் பணம் இருக்கிறது. பின்னால் மூன்று பேர் வரிசையில். அப்போதுதான் மெசேஜைப் பார்க்கிறேன்: இன்றைய அதிவேக டேட்டா தீர்ந்தது, இனி 64 கேபிபிஎஸ் வேகத்தில் தொடரலாம்.

தொடரலாமாம்! 64 கேபிபிஎஸ் என்றால் நொடிக்கு 8 கிலோபைட். வாட்ஸ்அப்பில் வரும் 2 எம்பி போட்டோ ஒன்று இறங்க நாலு நிமிடத்துக்கு மேல் ஆகும். இன்றைக்கு இருக்கும் எந்தப் பேங்க் ஆப்பும் இந்த வேகத்தில் ஒழுங்காகத் திறக்காது. பிராட்பேண்ட் என்றால் குறைந்தது 2 எம்பிபிஎஸ், அதாவது 2,000 கேபிபிஎஸ் வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசே வரையறை செய்திருக்கிறது. அதில் முப்பதில் ஒரு பங்குக்கும் கீழே இழுத்து விட்டுவிட்டு, விளம்பரத்தில் மட்டும் ‘அன்லிமிடெட்’ என்று போட்டுக்கொள்ள எப்படி மனசு வருகிறது? வீட்டுக்குக் கேபிள் இழுத்து வருகிற இணைப்பில் வரம்பு தாண்டினாலும் 512 கேபிபிஎஸ்ஸுக்குக் கீழே போகக்கூடாது என்று ட்ராய் 2016-லேயே கோடு போட்டது. மொபைலில் இருப்பவன் என்ன பாவம் செய்தான்? கேபிள் இணைப்புக்கு வழியில்லாமல் போன் ஒன்றையே நம்பி இருப்பவர்கள்தானே இங்கே அதிகம்?

கடைக்கார அண்ணன் தன் போனில் ஹாட்ஸ்பாட் போட்டுக் கொடுத்தார். அந்த நெட்டில் முதலில் மருந்துக்குப் பணம் அனுப்பினேன். அப்புறம் வழியில் மறுபடியும் தேவைப்பட்டால் என்ன செய்வது என்று கூடுதல் டேட்டா ஒன்றும் போட்டேன். 22 ரூபாய், 1 ஜிபி, வேலிடிட்டி ஒரு நாள். மணி அப்போது ஒன்பது நாற்பது. ஒரு நாள் என்றால் மறுநாள் ராத்திரி ஒன்பது நாற்பது வரை என்றுதான் யாரும் நினைப்போம். பன்னிரண்டு மணிக்கு முடிந்துவிட்டது. அதே பன்னிரண்டு மணிக்கு என்னுடைய வழக்கமான 1.5 ஜிபியும் திரும்ப வந்துவிடும். ஆக, ஒரு நாள் என்று சொல்லி எனக்கு விற்றது இரண்டு மணி இருபது நிமிடம். கஸ்டமர் கேரில் கேட்டால், “டெர்ம்ஸ் அண்ட் கண்டிஷன்ஸ்ல இருக்குங்க மேடம்” என்கிறார் அந்தப் பிள்ளை. அவரைக் குறை சொல்லவில்லை, எழுதிக் கொடுத்ததைப் படிக்கிறார். எழுதிக் கொடுத்தவனிடம் கேட்கிறேன்: ‘இன்று நள்ளிரவு வரை மட்டும்’ என்று பணம் கட்டும் பொத்தானுக்கு மேலே போட்டால் உனக்கு என்ன குறைந்துவிடும்? விற்பனை குறையும். அதனால்தான் போடுவதில்லை.

இந்தச் சின்ன டேட்டா பேக்குகள் முன்பெல்லாம் இப்படி இல்லை. அவசரத்துக்கு ஒன்று போட்டால் மெயின் பேக் முடிகிறவரை அது கிடக்கும், தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம். அதைத்தான் ஒரு நாள், இரண்டு நாள் என்று நறுக்கிவிட்டார்கள். ஆனால் நான் ஒரு நாளைக்கு 1.5 ஜிபியில் அரை ஜிபி மட்டும் பயன்படுத்தினால் மீதி ஒரு ஜிபி எங்கே போகிறது? நள்ளிரவில் அழிந்துவிடும். 28 நாளுக்கு 42 ஜிபி என்று கூட்டி விளம்பரம் செய்யத் தெரிகிறது. அந்த 42-ஐ நான் என் இஷ்டப்படி செலவு செய்யக் கேட்டால் மட்டும் கிடையாது.

5ஜி கதையும் இதேதான். ஊரெல்லாம் 5ஜி இலவசம் என்று பேனர் கட்டினார்கள், அதை நம்பி ஜனங்கள் கடன் வாங்கிப் போன் மாற்றினார்கள். 2024 ஜூலை விலை ஏற்றத்தோடு சேர்த்து, தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் உள்ள பேக்குகளுக்குத்தான் வரம்பில்லாத 5ஜி என்று ஆக்கிவிட்டார்கள். அதைப் போட்டாலும் தப்பில்லாமல் கிடைக்கிறதா? மொட்டை மாடியில் 5ஜி வரும், கீழே சமையலறைக்கு வந்தால் 4ஜி ஆகிவிடும். 4ஜிக்கு இறங்கியதும் தினசரி வரம்பிலிருந்து கழிய ஆரம்பிக்கும். போன் அதைச் சத்தம் போட்டுச் சொல்லாது. ‘அன்லிமிடெட் வைத்திருக்கிறேனே, எப்படித் தீர்ந்தது?’ என்று என் அண்ணி குழம்பிப் போய் நின்றார்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். என் கோபத்தில் பாதி அவருக்காகத்தான்.

அம்மா ஊரில் தனியாக இருக்கிறார். பட்டன் போன். பேசினால் போதும், நெட் வேண்டாம். அவசரம் என்றால் சிங்கப்பூரில் இருக்கும் தம்பியைக் கூப்பிடுவதற்காகக் கடையில் நூறு ரூபாய் டாப்-அப் போடுவார். நூறு ரூபாய் கொடுத்தால் பேலன்ஸில் விழுவது 81 ரூபாய் 75 பைசா. 18 சதவீத ஜிஎஸ்டி போக மூன்று ரூபாய் பிராசஸிங் கட்டணம். விதிப்படிதான் பிடிக்கிறார்கள், சரி. அதை யார் அவருக்குச் சொன்னது? கடைக்காரப் பையன் தான் எடுத்துக்கொண்டான் என்று அம்மா ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு நல்ல பையன்மீது பழி.

அந்த 81 ரூபாயிலும் ஒருநாள் முப்பது ரூபாய் காணோம். எங்கே போனது என்று விசாரித்தால், ஏதோ ராசிபலன் சேவையாம். நான் கேட்டதற்கு அம்மா சொன்னார்: “யாரோ ஒரு பொண்ணு பேசுச்சு. ஒண்ணை அமுக்குங்கன்னுச்சு, போனை வைக்கத்தான் சொல்லுதுன்னு அமுக்குனேன்.” இப்படிப்பட்ட சேவைகளுக்கு இரண்டு முறை தனித்தனியாகச் சம்மதம் வாங்க வேண்டும் என்று ட்ராய் 2013 ஜூலையில் உத்தரவு போட்டிருக்கிறது. கம்பெனியில் கேட்டால், “உங்க நம்பர்லேர்ந்துதான் ஆக்டிவேட் ஆகியிருக்கு” என்கிறார்கள். எழுபது வயதைத் தாண்டிய மனுஷி, ஆங்கிலத்தில் வந்த மெசேஜுக்கு எங்கே போய் இரண்டாவது சம்மதம் கொடுத்தார்? கம்பெனிக்கு அடித்தால் வரும் ஐவிஆர் பதிவுக் குரல் அழகாகத் தமிழ் பேசுகிறது, விளம்பரம் தமிழ் பேசுகிறது, ராசிபலன் விற்கிற பெண் தமிழ் பேசுகிறாள். நிபந்தனை மட்டும் ஆங்கிலத்தில் வருகிறது. எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

நெட் வேண்டாம் என்கிறவர்களுக்கு நெட் இல்லாத பேக் கொடுங்கள் என்று ட்ராய் 2024 டிசம்பரில் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னதும் 2025 ஜனவரியில் என்ன செய்தார்கள்? 84 நாளைக்கு 6 ஜிபி டேட்டாவோடு 509 ரூபாய்க்கு இருந்த பேக்கில் டேட்டாவை மொத்தமாக உருவிவிட்டு 499 என்று விலை போட்டது ஏர்டெல். பத்து ரூபாய்தான் வித்தியாசம்! புதுப் பேக்குகளை ஆராயப்போவதாக ட்ராய் அறிவித்த பிறகுதான் 469 ஆனது. அதுவும் 84 நாள், 365 நாள் என்று மொத்தமாகக் கட்ட வேண்டும். முதியோர் உதவித்தொகையை நம்பி இருக்கும் ஒரு பாட்டி ஒரே தடவையில் நானூற்று அறுபத்தொன்பதுக்கு எங்கே போவார்?

‘பிடிக்கவில்லையா, வேறு கம்பெனிக்கு மாறிக்கொள்’ என்பார்கள் சிலர். மாறுவதற்கு 1900-க்கு ஒரு எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும். குறைந்த விலைப் பேக்குகளில் எஸ்எம்எஸ் வசதியே இல்லாமல் வைத்திருந்தார்கள். அதாவது, விலகிப் போகவே முதலில் அதிக விலைப் பேக்குக்கு ரீசார்ஜ் செய்ய வேண்டும்! எந்தப் பேக்காக இருந்தாலும் அந்த எஸ்எம்எஸ்ஸை அனுமதித்தே ஆக வேண்டும் என்று 2021 டிசம்பரில் ட்ராய் உத்தரவிட்ட பிறகுதான் அது ஒழிந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு உத்தரவு வரவேண்டியிருக்கிறது பாருங்கள். தானாக ஒரு நேர்மை இவர்களிடமிருந்து வந்ததாக எனக்கு நினைவில்லை.

சரி, புகார் கொடுக்கலாம் என்றால், முதலில் அதே கம்பெனியின் புகார் மையம். அங்கே தீராவிட்டால் மேல்முறையீடு, அதுவும் அதே கம்பெனிக்குள். தனி நபர் புகாரை ட்ராய் நேராக எடுத்து விசாரிக்காது. முப்பது ரூபாய்க்காக யார் இவ்வளவு அலைவார் என்கிற தைரியம்தான் இவர்களுக்கு. கோடிக்கணக்கான பேரிடம் முப்பது முப்பதாக எடுத்தால் அது எவ்வளவு என்று அவர்களுக்கு நன்றாகவே தெரியும்.

நான் அலையப் போகிறேன். அம்மாவின் முப்பது ரூபாய்க்கும் என் 22 ரூபாய்க்கும் சேர்த்துப் புகார் போட்டு, டாக்கெட் நம்பர் என்கிற புகார் எண்ணை வாங்கி வைத்திருக்கிறேன். போன் கம்பெனிகள் மீதான வழக்கை நுகர்வோர் நீதிமன்றம் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகவே தீர்ப்பு சொல்லியிருக்கிறது. அதற்கு முன்னால் தந்திச் சட்டத்தைக் காட்டி, இங்கே வராதே, மத்தியஸ்தத்துக்குப் போ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். இப்போது அந்தச் சாக்கு செல்லாது. மேல்முறையீட்டிலும் இதே டெர்ம்ஸ் பாட்டைப் பாடினால் நான் போய் நிற்கப் போவது அங்கேதான்.

நீங்களும் ஒன்று செய்யுங்கள். ஊரில் இருக்கும் அப்பா, அம்மா, பாட்டி யார் போனாக இருந்தாலும் சரி, இந்த வாரம் கையில் வாங்கி 155223-க்கு அடியுங்கள். காசு கிடையாது. அந்த நம்பரில் என்னென்ன சேவை ஓடிக்கொண்டிருக்கிறது என்று கேட்டு, கேட்காமல் ஏற்றியதை எல்லாம் நிறுத்தச் சொல்லுங்கள். பிடித்த பணத்தைத் திரும்பப் போடச் சொல்லுங்கள், போடாவிட்டால் டாக்கெட் நம்பர் கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம்.