கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு ஃப்ளாட் வாங்கிப் போட்டால்...

போன வாரம் கனடாவிலிருந்து சித்தப்பா மகன் கூப்பிட்டான். "அக்கா, வெள்ளவத்தையில் ஒரு ஃப்ளாட் வாங்கிப் போடலாமென்று இருக்கிறேன். மாதாமாதம் வாடகை வருமே?" வரும் தம்பி. எவ்வளவு மிஞ்சும் என்பதைத் தொலைபேசியில் சொல்லி முடிக்க முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நானும் அவரும் 2017இல் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் உள்ள ஒரு ஒழுங்கையில் இரண்டு அறை ஃப்ளாட் ஒன்றை, முதலே அதில் இருந்த ஒருவரிடமிருந்து வாங்கினோம். ஒரு கோடியே 85 லட்சம். உறுதிப் பத்திரம் எழுதும்போதுதான் முத்திரைக் கட்டணம் உறைத்தது. முதல் ஒரு லட்சத்துக்கு 3 வீதம், மீதிக்கு 4 வீதம். கூட்டிப் பார்த்தால் 7 லட்சத்து 39 ஆயிரம். வாடகை 65,000 என்று வைத்தோம், வருடத்துக்கு 7 லட்சத்து 80 ஆயிரம். ஆக முதல் வருட வாடகை கிட்டத்தட்ட அப்படியே அரசாங்கத்துக்கு. பத்திரம் எழுதும் நொத்தாரிசின் கூலி வேறு.

போட்ட காசுக்கு அந்த வாடகை 4 வீதத்துக்குச் சற்று மேல். தரகர்மார் சொல்லும் கணக்கும் இதுதான். 2019இல் எனக்கு நடந்ததைக் கேளுங்கள். ஒருவர் போய் அடுத்தவர் வர இரண்டு மாதம் வீடு பூட்டிக் கிடந்தது, 1,30,000 போச்சு. தரகருக்கு ஒரு மாத வாடகை. லிஃப்ட், காவலாளி, ஜெனரேட்டர் என்று கட்டடத்துக்கு மாதம் 9,000. மாநகர சபைக்குக் கட்டும் சோலைவரி, பெயின்ட், குழாய் வேலை எல்லாம் சேர்த்து 77,000. கையில் நின்றது 4 லட்சம். அதாவது 2 வீதம் சொச்சம்.

அந்த வருடம் நிலையான வைப்புக்கு வங்கிகள் 10 வீதத்தை ஒட்டிக் கொடுத்தன. அதே காசை வங்கியில் போட்டிருந்தால் மாதம் ஒன்றரை லட்சம் வந்திருக்கும். எங்கள் வீட்டில் 65,000 கொடுத்து இருந்தவர்தான் கெட்டிக்காரர். அவர் தன் காசை வைப்பில் போட்டுவிட்டு, எங்கள் காசில் கட்டிய பல்கனியிலிருந்து கடல் பார்த்தார்.

கடல் என்றதும் இன்னொன்று. கடலோர வீதியான மரைன் டிரைவ் பக்கம் என்றால் விலை கூடுதல், தெரியும்தானே. உப்புக் காற்றுக்கு யாரும் விலை போடுவதில்லை. ஏசியின் வெளிப் பெட்டியைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை இரண்டாம் தடவை மாற்றியபோது, திருத்த வந்த பையன் பழையதை விரலால் அழுத்திக் காட்டினான். ஊறிய பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது. ஜன்னல் கொக்கிகள், கதவுப் பிணைச்சல், கீசர், எல்லாவற்றுக்கும் அதே கதிதான். பூட்டிக் கிடந்த அந்த இரண்டு மாதத்தில்தான் அதிகம் கெட்டது. ஆள் இல்லாத வீட்டை உப்பு இன்னும் விரைவாகத் தின்கிறது.

அப்புறம் ஆட்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, இருந்தவர் நான்கு மாதம் பாதி வாடகைதான் தந்தார். நல்ல மனிதர், கேட்கவும் மனம் வரவில்லை. கெட்டவர் வந்தால் என்ன ஆகும் என்று பெரியப்பாவைப் பார்த்தே படித்தேன். கொட்டாஞ்சேனையில் அவர் வாடகைக்கு விட்ட பழைய வீட்டில் இருந்தவர்களுக்கு 1972ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் காவல். மாதம் சில நூறு ரூபா வாங்கிக்கொண்டு, அதைவிட அதிகமாக வழக்கறிஞருக்குக் கொடுத்து, கடைசிவரை வீட்டுக்குள் போகாமலே போய்ச் சேர்ந்தார். குத்தகைக்கு விட்ட இடத்தை மீட்க 2023இல் தனிச் சட்டமே வந்துவிட்டது, உண்மை. ஆனாலும் ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகையை நொத்தாரிசு முன் எழுதினால்தான் செல்லும் என்பது 1840ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் தொட்டு உள்ள விதி. செலவு மிச்சம் என்று வெள்ளைத் தாளில் எழுதிக் கையெழுத்து வாங்குபவர்களை இன்றைக்கும் பார்க்கிறேன்.

சரி, அப்படியென்றால் வைப்பிலேயே போட்டிருக்கலாமா? 2022 வரை நானும் அப்படித்தான் புலம்பினேன். அந்த வருடம் டொலர் 200இலிருந்து 360க்குப் போனது. செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது. வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் கொடுத்தும் காசு கரைந்தது. எங்கள் ஃப்ளாட் அசையாமல் நின்றது. சீமெந்தும் கம்பியும் ஏறியதோடு அதன் விலையும் ஏறியது. விலை என்று எழுதுகிறேனே தவிர, அது பக்கத்து வீட்டார் வாயில் இருந்த விலை. உண்மையில் விற்க நினைத்து ஐந்து மாதம் விளம்பரம் போட்டோம், பார்க்க வந்தவர்கள் மூன்று பேர், வாங்க ஒருவரும் இல்லை.

ஆகவே தம்பி, வாடகைக்காக வாங்குகிறேன் என்று உன்னையே ஏமாற்றாதே. நீ வாங்குவது, ரூபா இனியும் விழும், நிலம் விழாது என்ற ஒரு பந்தயம். அந்தப் பந்தயம் தப்பு என்று நான் சொல்லவில்லை. நானே அதில் இருக்கிறேன். ஆனால் வாடகை வருவது ரூபாவில். 2019இல் அந்த 65,000 சுமார் 360 அமெரிக்க டொலர், 2022இல் அதில் பாதி. அங்கே கடன் எடுத்து இங்கே வாங்கினால் தவணையை எதிலிருந்து கட்டுவாய்? கடனில்லாத, பத்து வருடம் தேவைப்படாத காசு இருந்தால் வா, நானே கூட்டிப் போய்க் காட்டுகிறேன்.

திறப்பை என்னிடம் தந்துவிட்டு "அக்கா பார்த்துக்கொள்வா" என்று விமானம் ஏறுவதாக இருந்தால் மட்டும் இப்போதே சொல்லிவிடு. ஏற்கெனவே என் மேசை லாச்சியில் மூன்று வீட்டுத் திறப்பு கிடக்கிறது.