செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பாருங்கள்

நேற்று மாலை நான்கு மணி. எங்கள் தெருவில் ஒரு பக் நாய், மின்கம்பத்தின் நிழலை விட்டு வர மறுத்தது. கம்பத்தின் நிழல் ஒரு சாண் அகலம் இருந்தால் அதிகம். அதற்குள் நான்கு கால்களையும் ஒடுக்கிக்கொண்டு நின்றது. கூட்டிவந்த பையன் சங்கிலியை இழுத்தான். இரண்டடி வைத்தது, முன்னங்கால்களை மாற்றி மாற்றித் தூக்கியது, திரும்பவும் நிழலுக்கே ஓடிவிட்டது.

"தம்பி, செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்" என்றேன். மூன்று எண்ணுவதற்குள் காலை உதறிக்கொண்டான். பிறகு அவனே நாயைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தான்.

சென்னையில் கத்திரி வெயில். செய்தியில் சொல்லும் 40 டிகிரி, நிழலில் அளந்த காற்றின் சூடு. காற்று 31 டிகிரி இருக்கும் நாளிலேயே வெயிலில் கிடக்கும் தார்ச்சாலை 60 டிகிரியைத் தொட்டுவிடும். முன்பு நான் வளர்த்த நாயை ஒரு மே மாத மதியம் கடைவரை கூட்டிப்போய்விட்டேன். அன்று இரவெல்லாம் அது பாதத்தை நக்கிக்கொண்டே இருந்தது. விளக்கைப் போட்டுப் பார்த்தால் கறுத்த தோல் உரிந்து, உள்ளே இளஞ்சிவப்பாகச் சதை தெரிந்தது. அந்தப் பாதம் இன்னும் என் கண்ணை விட்டுப் போகவில்லை.

பாதம் ஆறிவிடும். உடம்புச் சூடு அப்படியல்ல. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ள வேண்டும். கடற்காற்று வந்ததும் நமக்கு இதமாகிவிடுகிறது. ஆனால் காற்றில் ஈரம் கூடினால் நாக்கின் ஈரம் எளிதில் உலராது, இரைத்தும் பலனில்லை. பக், ஷிட்சு போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு அந்த மூச்சே குறைவு. உடல் வெப்பம் 41 டிகிரியைத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. எச்சில் கெட்டியாகி, ஈறு சிவந்து, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மாடித் தொட்டித் தண்ணீர் வேண்டாம், மதியத்தில் அது வெந்நீர். வீட்டுக்குள் இருக்கும் குடத்துத் தண்ணீரை ஊற்றுங்கள். ஈரத் துண்டால் போர்த்தி அப்படியே விட்டுவிடாதீர்கள், சூடு உள்ளேயே தங்கிவிடும். ஊற்றிக்கொண்டே கால்நடை மருத்துவரிடம் விரையுங்கள்.

"தெருநாய்கள் வெயிலில்தானே கிடக்கின்றன?" என்று கேட்கிறார்கள். கிடப்பதில்லை. மதியத்தில் அவற்றைத் தேடிப் பாருங்கள்: காருக்கு அடியில், கட்டுமான மணலைப் பறித்த குழியில், சாக்கடை ஓரத்து ஈரத்தில். தன் நிழலைத் தானே தேடிக்கொள்ள அவற்றுக்குத் தெரியும். கழுத்தில் சங்கிலி மாட்டிய நாய்க்கு நாம்தான் தேடித் தர வேண்டும்.

அந்தப் பையனின் வீட்டில் கேட்டேன். நான்கு மணி என்பது அவர்கள் வைத்த நேரமல்ல. மாலையில் பிள்ளைகள் விளையாடுவதால், நாய்களை 4 முதல் 5 வரை மட்டுமே கீழே கொண்டுவரலாம் என்பது எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் விதி. பிள்ளைகளின் விளையாட்டு முக்கியம்தான். ஆனால் இந்த மாதத்தில் அந்த ஒரு மணி நேரம் கொடுமை.

கத்திரி முடியும்வரை காலை 6 மணிக்கு முன்பும் இரவு 8 மணிக்குப் பிறகும் அனுமதிக்கக் கேட்டு மனு எழுதியிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். மனு காவலாளி மேசையில் இருக்கிறது. நாய் வளர்க்காதவர்களும் தயவுசெய்து கையெழுத்திடுங்கள்.