ஹாலே நகரத்தின் மறுபாதி

ஊரிலிருந்து யார் வந்தாலும், நான் ஜெர்மனியில் லைப்சிக்கில் இருக்கிறேன் என்று தெரிந்ததும் ஒரே வேண்டுகோள்தான். "ஹாலே பக்கத்துலதானே? ஒரு நாள் கூட்டிட்டுப் போங்கண்ணே." ரயிலில் அரைமணி நேரம். பிராங்கே என்ற லுத்தரன் பாதிரியார் தொடங்கிய அநாதை இல்ல வளாகத்துக்குப் போவோம். தமிழ் ஓலைச்சுவடிகள் இங்கே பத்திரமாக இருக்கின்றன என்று சொன்னதும் சிலருக்குக் கண் கலங்கிவிடும். இரவே முகநூலில் பதிவு வந்துவிடும்: தமிழுக்கு எழுத்து வார்த்த ஊர்!

பொய்யில்லை. 1706-ல் மதம் பரப்பத் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு ஹாலேயில் படித்தவர். இங்கே வார்த்த தமிழ் எழுத்துகள் 1713-ல் கப்பலில் தரங்கம்பாடி போய்ச் சேர்ந்தன. எழுத்து பெரிதாக இருந்ததால் காகிதத்தைத் தின்று தீர்த்தது, அங்கேயே சின்னதாக வார்க்க வேண்டியதாயிற்று. அவர் லத்தீனில் எழுதிய தமிழ் இலக்கணம் 1716-ல் இந்த அநாதை இல்லத்து அச்சகத்திலேயே அச்சானது. (முதல் தமிழ் அச்சு இதுதான் என்று மட்டும் எழுதாதீர்கள். 1578-லேயே கொல்லத்தில் போர்ச்சுகீசியப் பாதிரியார்கள் அச்சடித்துவிட்டார்கள்.)

என் மனத்தாங்கல், நம் பதிவுகள் எல்லாமே இந்த இடத்தில் நின்றுவிடுகின்றன என்பதுதான்.

பிராங்கே சாதாரண ஆள் இல்லை. உண்டியலில் விழுந்த கொஞ்சம் காசை வைத்து ஏழைப் பிள்ளைகளுக்குப் பள்ளி தொடங்கியவர். 1698-ல் அநாதை இல்லத்துக்கு அடிக்கல் நாட்டினார். மருந்துக்கடை, அச்சகம், புத்தகக்கடை என்று வரிசையாக ஆரம்பித்து, அந்த வருமானத்தில் பள்ளிகளை நடத்தினார். 1727-ல் அவர் இறந்தபோது அங்கே 2000 பிள்ளைகளுக்கு மேல் படித்துக்கொண்டிருந்தார்கள். அந்த நீண்ட மரச்சட்டக் கட்டடத்தின் முன்னால் நிற்கும்போதெல்லாம் எனக்கு மலைப்பாகத்தான் இருக்கும்.

அதே பிராங்கேயும் அவர் கூட்டாளிகளும்தான் கிறிஸ்டியான் வோல்ஃபைத் துரத்தினார்கள். ஹாலே பல்கலைக்கழகத்தின் பெரிய தத்துவப் பேராசிரியர் அவர். 1721-ல் ஓர் உரையில் கன்ஃபூசியஸைப் புகழ்ந்தார். வேதாகமம் அறியாத சீனரும் அறத்தோடு வாழ முடிந்தது என்றார். அது பொறுக்கவில்லை. விஷயம் அப்போது ஹாலேயை ஆண்ட பிரஷ்ய அரசர் காதுக்குப் போய், 1723-ல் ஆணை வந்தது: 48 மணி நேரத்தில் வெளியேறு, இல்லாவிட்டால் தூக்கு. அடுத்த அரசர் வந்த பிறகு, 1740-ல்தான் மனிதர் திரும்பி வந்தார்.

இப்போது நம் கதைக்கு வாருங்கள். சீகன்பால்கு 1708-ல் கொன்றை வேந்தனையும் உலகநீதியையும் நீதிவெண்பாவையும் ஜெர்மனில் மொழிபெயர்த்தார். நம் தெய்வங்களைப் பற்றி 1713-ல் பெரிய நூல் ஒன்றை எழுதி முடித்தார். ஹாலே அதை அச்சிடவில்லை. பொய்த் தெய்வங்களை ஒழிக்க அனுப்பினால், அவற்றின் கதைகளை ஐரோப்பாவில் பரப்பப் பார்க்கிறாயா என்பது பிராங்கேயின் எண்ணமாக இருந்தது என்று சொல்வார்கள். அந்த நூல் 1867-ல்தான் அச்சேறியது, அதுவும் சென்னையில். நீதிநூல் மொழிபெயர்ப்புகள் 1930 வரை காத்திருந்தன.

வோல்ஃப் சீனரைப் பற்றிச் சொன்னதைத்தான் சீகன்பால்கு, கிட்டத்தட்ட, தமிழரைப் பற்றி அதற்கு முன்பே எழுதியிருந்தார். ஒருவருக்கு நாடுகடத்தல், இன்னொருவரின் கையெழுத்துப் பிரதிக்கு மௌனம். ஒரே ஊர், ஒரே பத்தாண்டுக்குள். நமக்கு எழுத்து வார்த்துக் கொடுத்த கைதான் நம்மைப் பற்றிய நூலை மூடியும் வைத்தது. இதைச் சொன்னால் "நன்றி கெட்ட பேச்சு" என்று சண்டைக்கு வருகிறார்கள். எனக்கென்னவோ இந்த மறுபாதி தெரிந்த பிறகுதான் ஹாலே பிடிக்கவே ஆரம்பித்தது.

மற்றபடி இது உப்பு காய்ச்சிப் பிழைத்த ஊர். 1685-ல் இசையமைப்பாளர் ஹாண்டெல் இங்கேதான் பிறந்தார். பதினெட்டு வயதில் ஊரை விட்டுக் கிளம்பியவர் கடைசியில் லண்டன்காரராகிவிட்டார். ஊர் இன்றும் அவர் பெயரில் இசைவிழா எடுக்கிறது. சந்தைச் சதுக்கத்தில் சிலையும் உண்டு.

கிழக்கு ஜெர்மனி காலத்தில், இரசாயன ஆலைத் தொழிலாளர்களுக்காக 1964 முதல் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஹாலே நொய்ஷ்டாட் என்று ஒரு புது நகரத்தையே எழுப்பினார்கள். அங்கே போக ஒரு மேம்பாலம். அதைக் கொண்டுபோய் பிராங்கே வளாகத்தின் முகத்துக்கு நேராகவா போடுவார்கள்? வளாகமே அப்போது இடிந்துகொண்டிருந்தது. இரு ஜெர்மனிகளும் இணைந்த பிறகுதான் பழுது பார்த்தார்கள். பாலம் அப்படியே நிற்கிறது. இடிக்கலாமா வேண்டாமா என்று ஊர்க்காரர்கள் வருஷக்கணக்காக வாதாடுகிறார்கள். என்னைக் கேட்டால் இடிக்கலாம். ஆனால் தினமும் அதில் வேலைக்குப் போகிறவர்கள் என் பேச்சை ஏன் கேட்கப்போகிறார்கள்?

அடுத்த முறை ஹாலே வருகிறவர்கள், படத்தோடு 1713-ஐயும் 1723-ஐயும் சேர்த்துப் போடுங்கள். உப்பு காய்ச்சுபவர்களின் சட்டைப் பொத்தான் வடிவத்தில் இங்கே ஒரு சாக்லேட் உருண்டை கிடைக்கும், 1804-ல் தொடங்கிய ஆலையுடையது. அதை வாங்கித் தருவது என் பொறுப்பு.