வெள்ளைப் பாதுகாப்பு இருந்தாலும் ராத் ஆஃப் காட் கொல்லும்

‘மேஜிக்: தி கேதரிங்’ என்ற அட்டை விளையாட்டை ஆடுபவர்களிடையே ஒரு பேச்சு சுற்றுகிறது: “வெள்ளை நிறத்திலிருந்து பாதுகாப்பு உள்ள உயிரினத்தை ராத் ஆஃப் காட் ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அது வெள்ளை மந்திரம்.” கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தவறு.

பாதுகாப்பு என்ற சொல் சகலத்தையும் தடுக்கும் கவசம் போல ஒலிப்பதுதான் குழப்பத்தின் வேர். விதிப்படி அது தடுப்பவை நான்கே: அந்த நிறத்திலிருந்து வரும் சேதம், அந்த நிற மந்திரங்களோ திறன்களோ அதைக் குறிவைப்பது, அந்த நிற அட்டைகள் அதன்மேல் ஒட்டப்படுவது, அந்த நிற உயிரினங்கள் அதை மறிப்பது. 1993இல் முதல் தொகுப்பிலேயே வந்த ராத் ஆஃப் காட் என்ன சொல்கிறது? எல்லா உயிரினங்களையும் அழி, அவை மீளுருவாக முடியாது. சேதம் இல்லை, குறிவைப்பதைச் சொல்லும் ‘டார்கெட்’ என்ற சொல்லே இல்லை. அப்புறம் எதைத் தடுப்பது? எதிராளி குறிவைப்பதை மட்டும் தடுக்கும் ‘ஹெக்ஸ்ப்ரூஃப்’ திறனும் இதே காரணத்தால் கைகொடுக்காது.

பிளாஸ்ஃபீமஸ் ஆக்ட் வேறு கதை. அது ஒவ்வோர் உயிரினத்துக்கும் 13 சேதம் தரும் சிவப்பு மந்திரம். சிவப்பிலிருந்து பாதுகாப்பு இருந்தால் அந்தச் சேதம் தடுக்கப்படும், உயிரினம் பிழைக்கும். இதைப் பார்த்தவர்கள்தான் ராத்துக்கும் அதையே பொருத்திவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

சரி, ராத்திலிருந்து தப்புவது எது? ‘இன்டிஸ்ட்ரக்டிபிள்’, அதாவது அழிக்க முடியாத, உயிரினம் தப்பும். அதையும் ஸ்வோர்ட்ஸ் டு ப்ளௌஷேர்ஸ் என்ற மந்திரம் ஒரே வெள்ளை மானாவில் (மந்திரத்துக்குச் செலவிடும் சக்தி) அனுப்பிவிடும், ஏனென்றால் அது அழிப்பதில்லை, ‘எக்ஸைல்’ என்ற தனிப் பகுதிக்கு நாடுகடத்துகிறது.